ஒரு பனியன் கடக்கும் சந்தைகள்: திருப்பூர் வளர்ச்சியின் நிகழ்வு ஆய்வு

1985-ஐ ஒட்டித் திருப்பூரிலிருந்து ஆண்டுக்குச் சுமார் பதினைந்து கோடி ரூபாய்க்குப் பின்னலாடை வெளிநாடு போனது. 2024-25 நிதியாண்டில் அந்தத் தொகை 40,000 கோடியை ஒட்டி வந்து நின்றது. தொழில்துறைக் கூட்டங்களில் இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்துச் சொன்னால் போதும், கைதட்டல் தானாக வரும்.

எண்களைக் கொஞ்சம் உதறிப் பார்க்கலாம். 1985-ல் ஒரு டாலர் பன்னிரண்டு ரூபாய் சில்லறை. 2024-25-ல் 84 ரூபாய்க்கும் மேல். டாலருக்கு மாற்றினால் 1.2 கோடி டாலர் என்பது 470 கோடி டாலர் ஆகியிருக்கிறது. ரூபாயில் 2,600 மடங்காகத் தெரிவது டாலரில் 390 மடங்கு. இடைப்பட்ட காலத்தில் அமெரிக்க விலைவாசியும் ஏறத்தாழ மூன்று மடங்கு ஏறியிருப்பதால், அதையும் கழித்தால் 130 மடங்கு போல நிற்கும். அப்படியும் இது அசாதாரணமான வளர்ச்சிதான். பெரிய அரசு ஆலையோ, துறைமுகமோ, பன்னாட்டு நிறுவனத்தின் முதலீடோ இல்லாமல், மழை குறைந்த ஒரு கொங்குச் சீமை ஊர் நாற்பது ஆண்டில் இதைச் செய்தது.

எப்படிச் செய்தது என்பதற்கு 'உழைப்பு' என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுகிறார்கள். உழைக்காத ஊர் எது? நம் பாடப்புத்தகங்களில் நிறைவுப் போட்டி, முற்றுரிமை, சில்லோர் முற்றுரிமை என்று சந்தை அமைப்புகள் ஒரு பாடமாகவும், பொருளாதார வளர்ச்சி இன்னொரு பாடமாகவும் இருக்கின்றன. திருப்பூரில் இரண்டையும் பிரிக்க முடியாது. இங்கே வளர்ச்சி எதனால் வந்தது, லாபம் எங்கே தேங்கியது, செலவு யார் தலையில் விழுந்தது என்ற மூன்று கேள்விக்கும் விடை, யார் யாரோடு எப்படிப் போட்டி போட்டார்கள் என்பதில்தான் இருக்கிறது.

நூலிலிருந்து அட்டைப்பெட்டி வரை

ஒரு சாதாரண வட்டக்கழுத்து டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ துணியில் ஐந்தாறு சட்டை தேறும். மில்லிலிருந்து கோன் கோனாக நூல் வந்து இறங்குகிறது. அது நிட்டிங் கம்பெனிக்குப் போய், வட்ட எந்திரத்தில் குழாய்போல் துணியாக இறங்குகிறது. அங்கிருந்து சாயப்பட்டறை. பிறகு சுருக்கம் எடுக்கும் காம்பாக்டிங். அப்புறம் கட்டிங் மேசை. பிரிண்டிங் இருந்தால் வெட்டிய துணி மட்டும் வண்டி ஏறி இன்னொரு தெருவுக்குப் போய்த் திரும்பும். எம்ப்ராய்டரிக்கு வேறு தெரு. தையலில் ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று எந்திரத்துக்கு ஓர் ஆள். பட்டன் இருந்தால் காஜா பட்டன் போடும் கடை. பிசிறு வெட்டி, செக்கிங் முடித்து, அயர்ன் போட்டு, பாலிபையில் இட்டு, அட்டைப்பெட்டி கட்டித் தூத்துக்குடிக்கு லாரி.

இந்த ஒவ்வொரு படியும் பெரும்பாலும் தனித்தனி முதலாளியின் கையில் இருக்கிறது. ஆர்டர் வைத்திருப்பவர் ஒருவர். மற்றவர்கள் எல்லாம் ஜாப் ஒர்க். துணி அவர்களுடையது அல்ல. கூலிக்குச் செய்து கொடுக்கிறார்கள். கிலோவுக்கு இவ்வளவு, பீசுக்கு இவ்வளவு என்று ரேட். சாலையில் துணி உருளைகளை ஏற்றிக்கொண்டு ஓடும் சின்ன டெம்போக்கள்தான் இந்தத் தொழிற்சாலையின் கன்வேயர் பெல்ட்.

பொருளாதாரத்தில் இதைப் 'புறச் சிக்கனம்' என்பார்கள். ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-லேயே இங்கிலாந்தின் தொழில் ஊர்களைப் பார்த்து இதை எழுதிவிட்டார்: ஒரே தொழில் ஓரிடத்தில் குவிந்தால் தொழில் நுணுக்கம் ரகசியமாக இருக்காது, காற்றோடு கலந்துவிடும் என்று. திருப்பூரில் அதற்கு அர்த்தம் எளிது. எந்திரத்தில் ஊசி உடைந்தால் பத்து நிமிடத்தில் ஊசி கிடைக்கும். நேற்று ஒருவர் இத்தாலிக்காரருக்குப் புது மாதிரிக் காலர் தைத்தால், நாளை மறுநாள் பக்கத்துத் தெருவில் அந்தக் காலர் தெரிந்த டெய்லர் இருப்பார். தனியாக ஓர் ஊரில் பெரிய ஆலை கட்டுபவர் இவை எல்லாவற்றையும் தன் சுவருக்குள் தானே வைத்துக்கொள்ள வேண்டும்.

இதன் இன்னொரு பக்கம், நுழையும் செலவு மிகக் குறைவு. ஆடைத் தொழில் முழுவதையும் தொடங்க வேண்டியதில்லை. நாலு பவர் டேபிள் (மோட்டாரில் ஓடும் தையல் எந்திர மேசை) போட்டால் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிக்கு முதலாளி ஆகிவிடலாம். நேற்றுவரை கட்டிங் மாஸ்டராக இருந்தவர் இன்று கட்டிங் கான்ட்ராக்ட் எடுப்பது இங்கே செய்தியே இல்லை. புத்தகத்தில் வரும் நிறைவுப் போட்டிக்கு இவ்வளவு அருகில் வரும் ஒரு நகரத் தொழிலைத் தமிழ்நாட்டில் வேறெங்கும் காட்டுவது கடினம்: எண்ணற்ற விற்பவர்கள், ஒரே தரமான சேவை, தெரிந்த ரேட், எளிதான நுழைவு.

'எளிதான நுழைவு' என்பதற்கு ஓர் அடிக்குறிப்பு வேண்டும். எந்திரம் வாங்கக் கடன், நூலுக்கு ஜாமீன், முதல் ஆர்டருக்குச் சிபாரிசு ஆகிய மூன்றும் பெரும்பாலும் உறவுக்குள்ளேயே ஓடின. மானாவாரி நிலமும் கிணறும் வைத்திருந்த கொங்கு வேளாளக் கவுண்டர் குடும்பங்களிலிருந்து வந்து, பனியன் கம்பெனியில் தொழிலாளியாக இருந்து முதலாளியானவர்களின் கதை நிஜம். கொஞ்சம் நிலம், கொஞ்சம் நகை, பங்காளிகள் என்ற பின்பலம் அந்தக் கதைக்குள் இருக்கிறது. அது இல்லாத தலித் தொழிலாளி அதே ஓவர்லாக் எந்திரத்தில் அதே திறமையோடு உட்கார்ந்திருந்தும், முதலாளி நாற்காலிக்குப் போவது அபூர்வம்.

சின்னதாகவே இருந்ததற்குக் காரணங்கள்

கோவையில் 1888 முதல் பஞ்சாலை இருந்தது. 1932-ல் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. நூல் பக்கத்திலேயே கிடைத்தது, ரயில் பாதை இருந்தது. உள்நாட்டுப் பனியன் தொழில் அப்படித்தான் வேர் பிடித்தது. நீண்ட காலம் கல்கத்தாதான் பனியன் தலைநகரம். திருப்பூர் மெல்ல அதைப் பின்தள்ளியது.

இவ்வளவு வளர்ந்தும் ஏன் பெரிய கம்பெனிகள் உருவாகவில்லை? இரண்டு காரணங்கள் கண்ணில் படுகின்றன. ஒன்று சட்டம். பின்னலாடை உற்பத்தி 2005 வரை சிறுதொழிலுக்கென ஒதுக்கப்பட்ட பட்டியலில் இருந்தது. முதலீட்டு வரம்பைத் தாண்டி வளர்ந்தால் சலுகை போகும். அதனால் ஒரு கம்பெனியைப் பெரிதாக்குவதைவிட மனைவி பெயரில், தம்பி பெயரில் இன்னொன்று தொடங்குவது லாபமாக இருந்தது. இரண்டாவது 1984. பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் பிறகு, ஒரே கூரையின் கீழ் நிறைய ஆட்களை வைத்துக்கொள்வதைவிட வேலையைப் பிரித்து வெளியே கொடுப்பதே நிம்மதி என்று முதலாளிகள் முடிவுக்கு வந்ததாகத்தான் அதற்குப் பிந்தைய போக்கு காட்டுகிறது. ஆகவே திருப்பூரின் 'சிறியதே அழகு' அமைப்பு முழுக்க முழுக்கச் சந்தை தானாகச் செதுக்கியது என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்ப வேண்டும்.

வெளிநாட்டு வாசல் திறந்தது 1970-களின் கடைசியில், மும்பை ஏற்றுமதியாளர்களைத் தேடிவந்த இத்தாலிய வியாபாரி ஒருவர் வழியாக. அதற்குப் பிறகு ஐரோப்பியச் சங்கிலிக் கடைகள் வந்தன. 1990-ல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் அமைந்தது. 1991-ல் ரூபாய் மதிப்பு குறைக்கப்பட்டது பெரிய உந்துதல். எந்திர இறக்குமதியும் எளிதானது. அப்போது நடப்பில் இருந்த பன்னாட்டு ஜவுளி ஒப்பந்தம் ஒவ்வொரு நாட்டுக்கும் இத்தனை பீஸ் என்று கோட்டா வைத்திருந்தது. அது வளர்ச்சிக்குக் கூரை போட்டாலும், கூரைக்குள் இருந்தவர்களுக்கு மழை படாமலும் காத்தது. 2005 ஜனவரி 1 முதல் கோட்டா ஒழிந்தது. முதல் சில ஆண்டுகள் திருப்பூருக்குக் கொண்டாட்டம். 2007-08-ல் ஏற்றுமதி 10,000 கோடியை நெருங்கியது. ஆனால் அதே திறந்த வாசல் வழியாக வங்கதேசமும் உள்ளே வந்தது. 2001 முதலே வங்கதேச ஆடைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் வரி இல்லை. இந்திய ஆடைக்கு ஒன்பது சதவீதத்தைத் தாண்டிய வரி. ஆயிரக்கணக்கான தையல் எந்திரங்களை ஒரே வளாகத்தில் வைத்திருக்கும் டாக்கா ஆலையோடு திருப்பூரின் தெருக்கள் மோத வேண்டியதாயிற்று.

இரு முனையிலும் தடித்த சங்கிலி

நடுவில் ஆயிரக்கணக்கானோர். மேலே நூல் மில்களும் கீழே வெளிநாட்டு பையர்களும் (ஆடை வாங்கும் நிறுவனங்கள்) எண்ணிக்கையில் குறைவு, அளவில் பெரிது. இந்த அமைப்பைப் புரிந்துகொண்டால் திருப்பூரின் முக்கால்வாசிப் புலம்பல் புரிந்துவிடும்.

நூலைப் பாருங்கள். 2021 பிப்ரவரியில் பருத்தி இறக்குமதிக்கு மத்திய அரசு 11 சதவீத வரி போட்டது. அதோடு உலக விலையும் ஏறியது. 2022 மே மாதம் 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பருத்தி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. மில்கள் நூல் விலையை மாதம் ஒருமுறை ஏற்றின. ஆனால் ஏற்றுமதியாளர் பையருக்கு விலை சொல்லி ஒப்புக்கொண்டது நாலைந்து மாதம் முன்பு. பழைய விலைக்குச் சட்டை, புது விலைக்கு நூல். மே 16, 17 ஆகிய இரண்டு நாட்கள் ஊரே கடையடைப்பு நடத்தியது. மில்காரர்கள் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர்களுக்குப் பஞ்சு விலை கைமீறிப் போனது. வேறுபாடு என்னவென்றால், மில்லால் ஏறிய செலவைக் கீழே தள்ள முடிந்தது. தையல் யூனிட்டுக்கு அதற்கு வழியில்லை.

பையர் முனையில் இதைவிடத் தீவிரம். ஒரு பெரிய ஐரோப்பியக் கடை ஒரே மாதிரிச் சட்டைக்கு ஒரே வாரத்தில் திருப்பூர், டாக்கா, வியட்நாம், துருக்கி என்று நான்கு இடத்தில் விலை கேட்கும். திருப்பூருக்குள்ளேயே ஐந்து பேரிடம் கேட்கும். விலை சில சென்ட் வித்தியாசத்தில் முடிவாகும். விற்பவர் பலர் இருந்து வாங்குபவர் சிலராக இருக்கும் இந்த நிலையில் விலையை வாங்குபவர்தான் சொல்வார். எந்த பட்டன், எந்த அட்டைப்பெட்டி, எந்த ஆய்வகச் சான்றிதழ் என்பதையும் அவரே சொல்வார். ஷிப்மென்ட் தாமதமானால் விமானத்தில் அனுப்ப வேண்டும். அந்தச் செலவு ஏற்றுமதியாளருடையது. பணம் வருவது சரக்கு போய் இரண்டு மூன்று மாதம் கழித்து. எண்பதுகளில் பணத்துக்கு வங்கி பொறுப்பேற்கும் கடனுறுதிக் கடிதம் வந்த பிறகுதான் துணியே வெட்டினார்கள் என்று பழைய ஆட்கள் பெருமூச்சு விடுவது இதற்காகத்தான்.

லேபிளின் விலை என்ன என்று பார்க்க விரும்பினால் காதர்பேட்டைக்குப் போகலாம். ரயில் நிலையத்துக்குப் பக்கம்தான். மிஞ்சிய ஏற்றுமதிச் சரக்கும், ரத்தான ஆர்டரும், செகண்ட்ஸும் அங்கே குவியல் குவியலாகக் கிடக்கும். கழுத்துக்குப் பின்னால் பிராண்ட் லேபிளைக் கத்தரித்த அடையாளம் தெரியும். சில சட்டைகளில் குறை என்று ஒன்றுமே இருக்காது. அதே நூல், அதே சாயம், அதே தையல். ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கில் ரூபாய்க்குத் தொங்கியிருக்க வேண்டியது இங்கே சில்லறை விலைக்கு மூட்டையாகப் போகிறது. கத்தரிக்கப்பட்ட அந்தச் சிறு துண்டில்தான் விலை நிர்ணயிக்கும் சக்தி முழுவதும் இருந்திருக்கிறது. உள்நாட்டுச் சந்தையில் பூமெக்ஸ், ராம்ராஜ் போன்ற பெயர்கள் இதை வெகு காலம் முன்பே புரிந்துகொண்டன. பனியன் பனியன்தான் என்ற இடத்தில் ஒரு பெயரை நட்டு, விளம்பரத்தால் வேறுபடுத்தி, முற்றுரிமைப் போட்டிக்குள் நகர்ந்துவிட்டார்கள். ஏற்றுமதியாளர்களில் மிகச் சிலரே அதை முயன்றார்கள்.

ஒரு சட்டைக்கு ஒரு ரூபாய்

இந்த ஆய்வின் மையம் நொய்யல். வெள்ளியங்கிரி மலையில் தொடங்கி, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் சிற்றாறு. மழைக்காலம் தவிர்த்து அதில் பெரிதாகத் தண்ணீர் கிடையாது. அதனால் சாயத் தண்ணீரை நீர்த்துப்போக வைக்கும் சக்தியும் அதற்கு இல்லை.

பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். ஒரு லிட்டர் சாயத் தண்ணீருக்கு ஐம்பது கிராம், அடர் நிறமானால் அதற்கும் மேல். சாயத்தில் பெரும்பகுதி துணியில் ஒட்டும். உப்பு ஒட்டாது; போட்டது அத்தனையும் தண்ணீரோடு வெளியே வரும். பழைய வின்ச் வகைச் சாய எந்திரத்தில் ஒரு கிலோ துணிக்கு நூறு லிட்டருக்கும் மேல் தண்ணீர் போனது. தொண்ணூறுகளில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பும் ரசாயனமும் போட்டு நிறத்தை இறக்கின. வெளியே வந்த தண்ணீர் பார்வைக்குத் தெளிவு. உப்பு அப்படியே இருந்தது. நிறம் போனதும் பிரச்சினை போய்விட்டதாக எல்லோரும் நினைக்க விரும்பினார்கள்.

கீழே, சென்னிமலைக்கு அருகில் ஒரத்துப்பாளையம் அணை 1990-களின் தொடக்கத்தில் பாசனத்துக்காகக் கட்டி முடிக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவுத் தொட்டியானது. பாசனம் கேட்டு அணை வாங்கிய விவசாயிகளே தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று கேட்கும் நிலை. கிணறுகள் உப்பேறின, தென்னை காய்ந்தது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் (பாசன விவசாயிகள்) சங்கம் நீதிமன்றம் போனது. சூழலியல் இழப்பை மதிப்பிட்ட ஆணையம் 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு மொத்தம் சுமார் 24.8 கோடி ரூபாய் இழப்பீடு கணக்கிட்டது. தலைக்கு வகுத்தால் ஒன்பதாயிரம்கூட வராது.

2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியேறாத முறைக்கு மாறும்வரை சாயப்பட்டறைகள் லிட்டருக்கு 6 பைசா தொடங்கி, பிறகு 8, அப்புறம் 10 பைசா என்று ஏறும் அபராதம் கட்ட வேண்டும் என்றது. இந்த 6 பைசாவோடு ஒரு கணக்கு போடலாம். கிலோவுக்கு நூறு லிட்டர் என்றால் ஆறு ரூபாய். கிலோவுக்கு ஆறு சட்டை. ஆக, ஒரு சட்டைக்கு ஒரு ரூபாய். பத்து பைசா ஆனாலும் இரண்டு ரூபாயைத் தொடாது. ஐரோப்பியக் கடையில் அந்தச் சட்டையை வாங்குபவருக்கு இந்த ஒரு ரூபாய் கண்ணுக்கே தெரியாது.

பிறகு ஏன் அந்த ஒரு ரூபாயை முன்பே யாரும் வசூலிக்கவில்லை? சாயப்பட்டறைக்காரர்கள் அத்தனை பேரும் கெட்டவர்கள் என்பது சோம்பேறி விடை. அவர்களில் பலருக்கு அதே ஆற்றோரம் சொந்தக்காரர்களின் தோட்டம் இருந்தது. விடை சந்தை அமைப்பில் இருக்கிறது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே வேலையை ஒரே தரத்தில் செய்கின்றன. ஒருவர் மட்டும் நேர்மையாகச் சுத்திகரித்து கிலோவுக்கு ஆறு ரூபாய் கூட்டினால் அவருடைய வேலை மறுநாளே பக்கத்துப் பட்டறைக்குப் போகும். நடுவிலிருந்த ஏற்றுமதியாளருக்கும் பையரிடம் கூட்டிக் கேட்கத் தெம்பில்லை. விலையில் இறங்காத செலவு ஆற்றில் இறங்கியது. எந்தப் போட்டி இந்த ஊரை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனதோ, அதே போட்டியின் இன்னொரு விளைவு இது. நொய்யல் சீரழிந்ததைத் திருப்பூர் வளர்ச்சியின் தற்செயலான பக்கவிளைவு என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மலிவான சாயக்கூலி திருப்பூரின் விலைப் போட்டித்திறனில் ஒரு பகுதி. அந்த மலிவுக்கு மானியம் கொடுத்தவர்கள் கீழ்ப்பகுதி விவசாயிகள்.

பட்டறைகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. 2009 அக்டோபரில் அங்கும் உயர் நீதிமன்ற உத்தரவு உறுதியானது. கூடுதலாக மூன்று மாத அவகாசம் மட்டும் கிடைத்தது. அதற்குப் பிறகும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் திருப்பூர் வட்டாரச் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்ததும் நிட்டிங், தையல் எல்லாம் தள்ளாடின. வெளியூர்த் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக ரயிலேறினார்கள். துணி சாயத்துக்காக ஈரோடு, பெருந்துறை, லூதியானா, அகமதாபாத் என்று அலைந்தது. அக்கம்பக்க மாவட்டங்களில் திருட்டுத்தனமாகச் சாயமேற்றும் பட்டறைகளும் முளைத்தன. உத்தரவின் எல்லை எங்கே முடிகிறதோ அங்கே கழிவு தொடங்கியது.

மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. எதிர்ச் சவ்வூடு பரவல், ஆவியாக்கிகள், உப்பை மீட்டு மறுபடி பயன்படுத்தும் உப்புநீர் முறை என்று ஒவ்வொன்றாகப் பொருந்தி, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் படிப்படியாக மீண்டும் ஓடத் தொடங்கின. இன்று பதினெட்டு நிலையங்கள் இயங்குகின்றன. பயன்படுத்திய தண்ணீரில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் திரும்ப வருகிறது.

பொருளாதார மாணவர்கள் நின்று பார்க்க வேண்டிய இடம் இதற்கு அடுத்தது. சாயக்கூலியைக் கூட்டவே முடியாது, கூட்டினால் தொழில் அழிந்துவிடும் என்று இருபது ஆண்டு சொல்லிவந்த ஊரில் சாயக்கூலி கூடியது, ஏற்றுமதி அழியவில்லை. 2016-17-ல் 26,000 கோடியைத் தொட்டது. நீதிமன்றம் எல்லோருடைய செலவையும் ஒரே நாளில் ஏற்றியதால், யாரும் தனியாகத் தோற்கவில்லை. தனித்தனியாக எவராலும் எடுக்க முடியாத முடிவை வெளியிலிருந்து வந்த உத்தரவு எடுத்துக் கொடுத்தது.

ஆனால் அந்தக் கண்ணியின் சந்தை அமைப்பு மாறிவிட்டது. ஆவியாக்கி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதன் கடன் தவணை ஓடும், நிலைச்செலவு பெருத்தது. சிறு பட்டறைகள் பல திரும்பத் திறக்கவே இல்லை. இப்போது பொது நிலையத்தில் ஒதுக்கீடு இருந்தால்தான் சாயமேற்ற முடியும். அந்த ஒதுக்கீடே ஒரு சொத்து. நுழைவு எளிதாக இருந்த தொழில், கதவுள்ள தொழிலாகிவிட்டது. இதில் எனக்கு வருத்தம் அதிகமில்லை. கதவில்லாமல் இருந்தபோது என்ன ஆனது என்று பார்த்தாயிற்று.

வேலை செய்பவர் பக்கம்

வளர்ச்சியின் விளைவைக் கூலியில் தேடினால் இரண்டு படமும் தெரியும். திருப்பூரில் வேலை கிடைக்கவில்லை என்று திரும்பிப் போனவர் குறைவு. தென் மாவட்டங்களிலிருந்தும், பிறகு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இன்று தொழிலில் இருப்போர் ஆறு லட்சம் அளவு என்கிறார்கள். பெண்கள் பெரும் எண்ணிக்கையில் சம்பளம் வாங்கத் தொடங்கியது குடும்பக் கணக்கையே மாற்றியது. சனிக்கிழமை மாலை வாரச் சம்பளம் வந்து, ஞாயிற்றுக்கிழமை கடைவீதி நிரம்பி வழியும்.

அதே சமயம் எட்டு மணி நேரம் என்பது இங்கே பேச்சுக்குத்தான். நடைமுறையில் ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம். பீஸ் ரேட்டும் கான்ட்ராக்டரும் நடுவில் நிற்பதால் வருங்கால வைப்பு நிதி, மருத்துவக் காப்பீடு எல்லாம் பலருக்கு எட்டாது. நூல் விலை மேலிருந்தும் பையர் விலை கீழிருந்தும் நெருக்கும்போது, தையல் யூனிட்டுக்காரர் கை வைக்கக்கூடிய ஒரே இடம் கூலி. 2024 ஏப்ரல் முதல், சிறு குறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தராத நிறுவனம் அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்ற விதி வந்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் பையர் தொண்ணூறு நாள் கழித்துத்தான் பணம் தருவார் என்றால், ஏற்றுமதியாளர் 45 நாளில் எங்கிருந்து தருவார்? விதி சங்கிலியின் நடுவை மட்டும் இறுக்கியது. பணம் தேங்கும் முனை கடலுக்கு அப்பால் இருக்கிறது.

2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான வீடியோக்கள் பரவியபோது, திருப்பூர் முதலாளிகளும் மாவட்ட நிர்வாகமும் பதறியடித்து ஹிந்தியில் அறிவிப்புகள் வெளியிட்டார்கள். அந்தத் தொழிலாளர்கள் ரயிலேறிவிட்டால் ஊரின் எந்திரங்களில் பெரும்பங்கு நின்றுவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. தொழிலாளிக்கும் பேரம் பேசும் வலு இருக்கிறது. ஊரைவிட்டுப் போகும்போது மட்டும் அது வெளிப்படுகிறது.

2025-க்குப் பிறகு

2025 ஆகஸ்ட் 27 முதல் பெரும்பாலான இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தது. அப்போது திருப்பூர் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்கா போய்க்கொண்டிருந்தது. வரியைச் சட்டப்படி கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர். ஆனால் சில நாட்களிலேயே அங்கிருந்து தள்ளுபடி கேட்டு மின்னஞ்சல்கள் வந்தன. கையில் இருந்த ஆர்டர்களைக் காப்பாற்ற ஏற்றுமதியாளர்கள் நஷ்டத்திலும் அனுப்பினார்கள். வரியின் பாரம் யார்மேல் விழும் என்பது நெகிழ்ச்சியை, அதாவது விலை மாறினால் யாரால் எளிதில் வேறு பக்கம் போக முடியும் என்பதைப் பொறுத்தது என்று வகுப்பில் வரைபடம் போட்டுச் சொல்வார்கள். வாங்குபவருக்கு வங்கதேசமும் வியட்நாமும் மாற்றாக இருக்கின்றன; தைப்பவருக்கு வேறு வாங்குபவர் அவசரத்துக்குக் கிடைப்பதில்லை. வரைபடம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

அந்த வரிக்கு ஒரு மாதம் முன்பு, ஜூலை 24 அன்று, பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆடைக்கு வரி நீங்கினால் அந்தச் சந்தையிலாவது வங்கதேசத்தோடு சம தரையில் நிற்கலாம் என்ற கணக்கு ஊரில் ஓடியது. சம தரை கிடைப்பது நல்லது. ஆனால் வரிச் சலுகையும் விலைப் போட்டியில் கரைந்து பையரிடமே போய்ச் சேர வாய்ப்பிருக்கிறது. நடுக் கண்ணியின் அமைப்பு மாறாதவரை அப்படித்தான் நடக்கும்.

உண்மையான மாற்றம் நூலிலிருந்து வரக்கூடும். திருப்பூர் கிட்டத்தட்ட முழுக்கப் பருத்தி ஊர். உலகம் உடுத்துவதில் பெரும்பகுதி செயற்கை இழை. விளையாட்டு ஆடை, குளிர்கால ஆடை எல்லாம் பாலியெஸ்டர். இப்போது சில நிறுவனங்கள் அதற்குள் இறங்கியிருக்கின்றன. பாலியெஸ்டருக்குச் சாயமேற்ற உப்பு தேவையில்லை. நொய்யல் கதை தெரிந்தவர்கள் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் 130 டிகிரியில் அழுத்தத்தோடு ஓடும் எந்திரம் வேண்டும். நாலு பவர் டேபிளோடு தொடங்கும் ஆளுக்கு அந்தப் படி எட்டாது.

அதோடு மூலப்பொருள் சந்தையும் மாறுகிறது. பருத்திக்குப் பின்னால் லட்சக்கணக்கான விவசாயிகளும், நூற்றுக்கணக்கான மில்களும் இருக்கிறார்கள். இந்தியாவில் பாலியெஸ்டர் இழையைப் பெரிய அளவில் தயாரிப்பவர்கள் சிலரே. அவர்களில் மிகப் பெரியது ரிலையன்ஸ். 2023-ல் இறக்குமதிப் பாலியெஸ்டர் இழைக்கும் நூலுக்கும் தரக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, வெளிநாட்டு நூல் வரத்து தடைப்பட்டு விலை ஏறியதாகத் திருப்பூர்க்காரர்கள் முறையிட்டார்கள். 2025 நவம்பரில் அந்த ஆணை விலக்கிக்கொள்ளப்பட்டது. மில்களோடு விலைக்குச் சண்டை போட்டுப் பழகிய ஊர் இது. அந்தச் சண்டைக்குக் கடையடைப்பு என்ற ஆயுதமாவது இருந்தது, ஏனென்றால் மில்லுக்கும் திருப்பூரை விட்டால் அவ்வளவு பெரிய வாடிக்கையாளர் பக்கத்தில் இல்லை. குஜராத்தில் பெட்ரோலிய ஆலை வைத்திருப்பவருக்குத் திருப்பூர் அப்படியொன்றும் பெரிய வாடிக்கையாளர் அல்ல.